நாலு டாலர் மாத்திரையும் ‘வேண்டாம்’ சொன்ன மாநிலமும்

2006, செப்டம்பர் 21. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் டாம்பா நகரில் வால்மார்ட் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டாக்டர் சீட்டோடு வந்தால் போதும். பட்டியலில் இருக்கும் ஜெனரிக் மருந்து எதுவானாலும், ஒரு மாதத்துக்கு நான்கு டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 180 ரூபாய். இன்ஷூரன்ஸ் இருப்பவருக்கும் அதே விலை, இல்லாதவருக்கும் அதே விலை.

மெட்ஃபார்மின் அட்டையைச் சில்லறைக் காசுக்கு வாங்கிப் பழகிய நமக்கு, ‘இதில் என்ன பரபரப்பு?’ என்று தோன்றலாம். அமெரிக்க நிலவரம் வேறு. அந்த ஆண்டில் அங்கே சுமார் 4.7 கோடிப் பேருக்கு மருத்துவக் காப்பீடே கிடையாது. காப்பீடு இல்லாதவருக்கு மருந்துக்கடை சொல்வதுதான் விலை. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வது, சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது, மாதக் கடைசியில் ‘சம்பளம் வரட்டும்’ என்று சீட்டை மேஜை டிராயரில் போட்டு வைப்பது... பணக்கார நாடு என்று நாம் நினைக்கும் இடத்தில் இதெல்லாம் சாதாரணமாக நடந்தது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நாலு டாலர் என்பது தலைப்புச் செய்திதான்.

அறிவிப்பு டாம்பா வட்டாரத்தின் 65 கடைகளில் தொடங்கியது. போட்டி நிறுவனமான டார்கெட், ‘எங்கள் கடையிலும் அதே விலை’ என்று அன்றே இறங்கிவந்தது. வால்கிரீன்ஸ், சிவிஎஸ் போன்ற மருந்துக்கடைச் சங்கிலிகளின் பங்கு விலை அன்றைக்கே சரிந்தது. ஃப்ளோரிடா முழுக்க ஜனவரியில்தான் விரிவாக்குவதாகத் திட்டம். கூட்டத்தைப் பார்த்து அக்டோபர் 6-ம் தேதியே விரிவாக்கிவிட்டார்கள். நவம்பர் முடிவதற்குள் 49 மாநிலங்களில் நாலு டாலர் மாத்திரை வந்துவிட்டது.

அமெரிக்காவில் மொத்தம் 50 மாநிலங்கள். மிச்சமிருந்த அந்த ஒன்று, நார்த் டகோட்டா.

அங்கே வால்மார்ட் கடைகள் இல்லாமல் இல்லை. பால் வாங்கலாம், கார் டயர் வாங்கலாம், குளிருக்குக் கம்பளி வாங்கலாம். டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் வாங்க முடியாது. ஏனென்றால், அந்த மாநிலச் சட்டப்படி மருந்துக்கடையின் முதலாளி மருந்தாளுநராக இருக்க வேண்டும்.

மாத்திரை மலிவு, கொடுப்பதுதான் செலவு

நார்த் டகோட்டாவுக்குப் போகும் முன், நாலு டாலர் எப்படிக் கட்டுப்படியானது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் காப்புரிமை முடிந்த பிறகு, அதே மூலப்பொருளை அதே அளவில் வேறு நிறுவனங்கள் தயாரித்து விற்பதுதான் ஜெனரிக். ஆராய்ச்சியை ஆரம்பத்திலிருந்து திரும்பச் செய்ய வேண்டியதில்லை. உடலில் அதே வேகத்தில், அதே அளவில் சேர்கிறது என்று நிரூபித்தால் போதும் என்று 1984-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம் என்று அதற்குப் பெயர். அதன் பிறகு தயாரிப்பாளர்கள் பெருகப் பெருக விலை விழுந்தது. இன்று அமெரிக்காவில் எழுதப்படும் பத்து மருந்துச்சீட்டுகளில் ஒன்பதுக்கு ஜெனரிக்தான் கொடுக்கப்படுகிறது. அதில் கணிசமான பங்கு இந்திய நிறுவனங்களின் தயாரிப்பு. ஃப்ளோரிடா தாத்தா நாலு டாலருக்கு வாங்கிய மாத்திரை, ஹைதராபாத்திலோ குஜராத்திலோ உருண்டு வெளிவந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, பழைய மாத்திரை ஒன்றின் அடக்கவிலை சில காசுகள்தான். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. சீட்டைப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் போட வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு இது மோதுமா என்று பார்க்க வேண்டும். எண்ணிப் புட்டியில் போட்டு, லேபிள் ஒட்டி, இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டும். மருந்தாளுநர் சம்பளம், கடை வாடகை எல்லாம் சேர்த்து, ஒரு சீட்டுக்கு மருந்து கொடுக்க ஆகும் செலவு சராசரியாக 10 டாலரைத் தாண்டும் என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. மாத்திரையின் விலை இதில் சேரவில்லை!

10 டாலர் செலவாகும் வேலையை 4 டாலருக்கு, மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன அர்த்தம்? ‘நாங்கள் ஒன்றும் நஷ்டத்துக்கு விற்கவில்லை’ என்றுதான் வால்மார்ட் சொன்னது. அவ்வளவு பெரிய கொள்முதல் பலம் இருக்கும்போது அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மாதிரிப் பெரிய கடைகளில் மருந்துப் பிரிவுக்குப் போக, பெரும்பாலும் மற்ற அலமாரிகளைக் கடந்துதான் போக வேண்டும். சீட்டைக் கொடுத்தால், ‘இருபது நிமிடம் ஆகும்’ என்பார்கள். இருபது நிமிடம் ஒருவர் அங்கே என்ன செய்வார்? தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். நாலு டாலர் மாத்திரைக்கு வந்தவர் நாற்பது டாலர் சாமானோடு வெளியே போவார். திறப்பு விழாவில் தக்காளியைக் கிலோ ஒரு ரூபாய்க்குக் கொடுக்கும் சூப்பர் மார்க்கெட்டின் கணக்கு நமக்குத் தெரியாததா?

இந்தக் கணக்கை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோன கடையும் உண்டு. டாம்பாவுக்குப் பக்கத்தில் லேக்லேண்டைத் தலைமையிடமாகக் கொண்ட பப்ளிக்ஸ் என்ற மளிகைச் சங்கிலி, 2007 ஆகஸ்ட்டில் ஏழு வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா பாலும் ரொட்டியும் வாங்காமலா போகப்போகிறார்?

அந்த முதல் பட்டியலில் 291 மருந்துகள் என்று வால்மார்ட் விளம்பரம் செய்தது. உள்ளே புகுந்து பார்த்தால், ஒரே மருந்தின் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம், 20 மில்லிகிராம் எல்லாம் தனித்தனி எண்ணிக்கை. தனி மருந்து என்று எண்ணினால் பாதிக்கும் குறைவுதான். அந்த ஆண்டுதான் காப்புரிமை முடிந்திருந்த, கொலஸ்ட்ராலுக்கு அதிகம் எழுதப்பட்ட சிம்வாஸ்டாட்டின் அதில் இல்லை. உள்ளூர் மருந்தாளுநர்களின் தேசியச் சங்கம் இதைக் காட்டி, ‘வெறும் விளம்பர உத்தி’ என்று சாடியது. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும், மெட்ஃபார்மினையும் லிசினோப்ரிலையும் வருடம் முழுக்க விழுங்கும் ஒருவருக்கு, பட்டியலில் இல்லாத மருந்தைப் பற்றி என்ன கவலை? அவருக்கு வேண்டியது இருந்தது, விலை குறைந்தது. அதை உத்தி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்

உள்ளூர்க் கடைக்காரரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘என் வியாபாரம் போகிறதே’ என்ற புலம்பலை மட்டும் கேட்டால் அது பாதிதான்.

ஒரு உதாரணம். இதயக் கோளாறு உள்ளவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் கோ-டிரைமாக்சசோல் எழுதுகிறார். இரண்டுமே பழைய, மலிவான மருந்துகள். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் எகிறி, உள்ளே ரத்தக்கசிவு வரை போகலாம். இரண்டையும் ஒரே கடையில் வாங்கினால் மருந்தாளுநர் பார்த்ததும் நிறுத்திவிடுவார். ஒன்றை வழக்கமான கடையிலும், இன்னொன்றை நாலு டாலர் கடையிலும் வாங்கினால்? அதுவும் நாலு டாலர்தானே என்று இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், காப்பீட்டுக் கணினியிலும் அந்த மருந்து ஏறாது. வாங்கியவருக்கே நினைவிருந்தால் உண்டு.

ஒவ்வொரு மருந்துக்கும் விலை குறைவான கடையைத் தேடி அலையும்போது நடக்கும் சேதாரம் இதுதான். பில்லில் அது தெரியாது.

இன்னொரு சேதாரமும் உண்டு. ஆயிரம் பேர் வாழும் ஊரில் இருக்கும் ஒரே மருந்துக்கடை, அடிக்கடி போகும் பழைய மருந்துகளின் வியாபாரத்தை நம்பித்தான் ஓடுகிறது. அந்த வியாபாரம் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய கடைக்குப் போய்விட்டால், அவசரத்துக்கு எப்போதோ ஒருமுறை கேட்கும் மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. மூடிவிடுவார்கள். அதன் பிறகு காரோட்ட முடியாத பாட்டிக்கு, நாலு டாலர் மாத்திரையும் எட்டாத மாத்திரைதான்.

51 சதவிகிதம்

நார்த் டகோட்டா, கனடா எல்லையை ஒட்டிய மாநிலம். பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகை சுமார் எட்டு லட்சம். நம் மதுரை மாநகராட்சியில் வசிப்பவர்கள் அதைவிட அதிகம். கோதுமை வயல்களுக்கு நடுவே தூரம் தூரமாகச் சின்னச் சின்ன ஊர்கள். குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்தால் பக்கத்து ஊர் என்பதே இல்லை.

1963-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. மருந்துக்கடை உரிமம் வேண்டுமானால் முதலாளி, பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால், பங்குகளில் பாதிக்கு மேல் அந்தக் கடையில் உண்மையாகவே வேலை பார்த்து நிர்வகிக்கும் மருந்தாளுநர்களிடம் இருக்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே இருந்த கடைகளுக்கு விலக்கு உண்டு.

அதாவது, சம்பளத்துக்கு ஒரு மருந்தாளுநரை வைத்துவிட்டு முதலாளி வேறெங்கோ இருக்கும் ஏற்பாடு செல்லாது. இது எவ்வளவு கறாரான விதி என்பது நம்மூர் நடைமுறையோடு ஒப்பிட்டால் புரியும். இங்கே கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. முதலாளி யாராகவும் இருக்கலாம். அந்த விதியையே, சுவரில் சர்ட்டிஃபிகேட் மட்டும் தொங்க, ஆள் வேறெங்கோ இருக்க ஒப்பேற்றும் கடைகளும் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம்.

ஸ்னைடர்ஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலி இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. அதன் பங்குகள் முழுக்க ரெட் அவுல் என்ற மளிகைச் சங்கிலியிடம் இருந்தன. ஸ்னைடர்ஸின் கையில் பலமான ஓர் ஆயுதம் இருந்தது. இதே மாதிரி ஒரு சட்டத்தைப் பென்சில்வேனியா போட்டபோது, 1928-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்திருந்தது. அந்தத் தீர்ப்பில் உடன்படாத நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மருந்து மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஓரிடத்திலும் அதைப் பற்றிய அறிவு இன்னோரிடத்திலும் பிரிந்து கிடப்பது கெடுதல் என்று எழுதிவைத்தார். அப்போது அது தோற்றவரின் கருத்து. 45 வருடம் கழித்து, 1973 டிசம்பரில் நார்த் டகோட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தூக்கிப்போட்டுவிட்டு, மாநிலத்தின் பக்கம் நின்றது. யார் மருந்துக்கடை நடத்தலாம் என்பதை மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம் என்றது.

ஆக, 2006-ல் நாலு டாலர் மாத்திரை நாடெங்கும் பரவியபோது நார்த் டகோட்டா வாசலில் நிறுத்தப்பட்டது. சட்டத்தை மாற்றச் சட்டமன்றத்தில் முயற்சி நடந்து, 2009-ல் தோற்றது. பிறகு விஷயம் மக்களிடமே போனது.

வாக்குச்சீட்டில் மருந்துக்கடை

2014 நவம்பர் 4 அன்று தேர்தலோடு சேர்த்து நார்த் டகோட்டா மக்கள் ஒரு கேள்விக்கு ஓட்டுப் போட்டார்கள். பெயர், ஏழாவது முன்மொழிவு. மருந்துக்கடையை மருந்தாளுநர்தான் நடத்த வேண்டும் என்ற சட்டத்தை எடுத்துவிடலாமா, வேண்டாமா?

எடுத்துவிடலாம் என்ற பிரசாரத்துக்குப் பல மில்லியன் டாலரை வால்மார்ட் கொடுத்தது. விளம்பரம் எளிமையானது: ‘49 மாநிலங்களில் கிடைக்கும் மலிவு விலை உங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?’ எதிர்ப்பக்கம் நின்ற உள்ளூர் மருந்தாளுநர்கள், ‘எங்கள் கடைகள் போனால் சின்ன ஊர்களுக்கு யார் வருவார்கள்?’ என்று கேட்டார்கள். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு விலைப்பட்டியலை நீட்டின.

முடிவு: சுமார் 59 சதவிகிதம் பேர் ‘மாற்ற வேண்டாம்’ என்றார்கள். 41 சதவிகிதம் பேர் ‘மாற்றலாம்’ என்றார்கள்.

பெரும் பணம் கொட்டியும், குறைந்த விலை என்ற வாக்குறுதி இருந்தும், மக்கள் வேண்டாம் என்றது ஆச்சரியம்தான். ஆனால் அந்த 41 சதவிகிதத்தையும் மறந்துவிடக் கூடாது. காப்பீடு இல்லாமல், ஐந்தாறு மருந்து சாப்பிடும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால், அவரைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தன் மருந்துக்கான விலையை இறக்க விடாமல் செய்துவிட்டார்கள். நார்த் டகோட்டாவின் பெரிய நகரமான ஃபார்கோவில் இருப்பவருக்காவது வழியுண்டு. ரெட் ரிவர் ஆற்றைத் தாண்டினால் மின்னசோட்டா மாநிலம். அங்கே பெரிய கடைகளில் மருந்துப் பிரிவும் உண்டு. மாநிலத்தின் நடுவில் இருப்பவருக்கு அந்த ஆறும் கிடையாது. (அந்த மின்னசோட்டாவிலும் சில மருந்துகளுக்கு நாலு டாலருக்கு மேல்தான். மாநிலச் சட்டங்கள் காரணமாகச் சில மாநிலங்களில் விலை கூடும் என்று வால்மார்ட் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.)

உள்ளூர்க் கடைகளைச் சட்டம் காப்பாற்றியது மட்டுமல்ல, அந்தக் கடைகளும் வேறு வேலை செய்திருக்கின்றன. தொலை மருந்தகம் என்ற ஏற்பாட்டுக்கு அமெரிக்காவிலேயே முதலில், 2001-ல், விதி வகுத்த மாநிலம் நார்த் டகோட்டாதான். சின்ன ஊர்க் கடையில் பயிற்சிபெற்ற உதவியாளர் இருப்பார். மருந்தாளுநர் வேறு ஊரிலிருந்து கேமரா வழியாகச் சீட்டையும் மாத்திரையையும் சரிபார்ப்பார். நோயாளியோடு திரையில் பேசி, எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் புட்டி கைக்கு வரும். வீடியோ கால் எல்லாம் யாருக்கும் பழகாத காலத்தில் நடந்தது இது. அந்த மாநிலப் பல்கலைக்கழகம் இதைத் திட்டமாகவே எடுத்து நடத்தியது. மருந்தாளுநர் கிடைக்காமல் மூடிய ஊர்களில் கடைகள் திரும்பத் திறந்தன.

வால்மார்ட்டைவிடப் பெரிய ஆள்

இந்தக் கதையில் வில்லன் வால்மார்ட் என்று முடித்துவிட்டால் சுலபம். அமெரிக்காவின் உள்ளூர் மருந்துக்கடைக்காரர்களிடம் இன்று கேட்டால், அவர்கள் முதலில் திட்டுவது வேறொருவரை.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ‘பார்மஸி பெனிஃபிட் மேனேஜர்’ என்று ஒரு இடைத்தரகர் இருக்கிறார். எந்த மருந்துக்குக் காப்பீடு பணம் தரும், கடைக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும், நோயாளி கையிலிருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இவர்தான். சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம்ஆர்எக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் மட்டும் நாட்டின் மருந்துச்சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தைக் கையாள்வதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் ஒன்று, நாடெங்கும் மருந்துக்கடை நடத்தும் சிவிஎஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது, பக்கத்துக் கடைக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்று முடிவு செய்பவரே எதிரில் கடையும் வைத்திருக்கிறார்!

இந்த ஏற்பாட்டில் நம்ப முடியாத ஒரு விஷயம் நடந்தது. காப்பீடு உள்ள நோயாளி அட்டையை நீட்டினால் அவர் பங்காக, உதாரணத்துக்கு, 15 டாலர் கட்டச் சொல்லும். அட்டையைக் காட்டாமல் ரொக்கமாக வாங்கினால் அதே மருந்து 6 டாலர்தான். இது மருந்தாளுநருக்குத் தெரியும். ஆனால் அதை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் வாய்ப்பூட்டு போட்டிருந்தார்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ம் ஆண்டின் விவரங்களை அலசி, கிட்டத்தட்ட நான்கில் ஒரு மருந்துச்சீட்டுக்கு நோயாளிகள் இப்படி அதிகம் கட்டியதாகக் கண்டுபிடித்தார்கள். அந்த வாய்ப்பூட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 2018 அக்டோபரில்தான்.

இப்போது திரும்பிப் பார்த்தால், வால்மார்ட்டின் நாலு டாலர் பலகை ஒரு நல்ல காரியம் செய்திருப்பது தெரிகிறது. மருந்துக்கடை வாசலில் நின்று விலையைப் படிக்கலாம் என்ற பழக்கத்தையே அதுதான் அமெரிக்கர்களுக்கு ஏற்படுத்தியது. அதுவரை விலை என்பது கணினிக்கும் காப்பீட்டுக்கும் இடையிலான ரகசியம். 2022 ஜனவரியில் தொழிலதிபர் மார்க் க்யூபன் ஆரம்பித்த ஆன்லைன் மருந்துக்கடை, அடக்கவிலைக்கு மேல் 15 சதவிகிதமும் மருந்தாளுநர் கட்டணமும் மட்டும் சேர்த்து, கணக்கை அப்படியே தளத்தில் போட்டது. அதுவும் இந்தப் பாதையில் வந்ததுதான்.

யார் மிஞ்சினார்கள்?

இருபது வருடங்களில் உள்ளூர்க் கடைகளைப் பெரிய சங்கிலிகள் விழுங்கிவிட்டன என்றால் கதை எதிர்பார்த்த மாதிரி முடிந்திருக்கும். நடந்தது அதைவிட மோசம். 2010 முதல் 2020 வரை அமெரிக்காவில் இயங்கிய மருந்துக்கடைகளில் சுமார் 29 சதவிகிதம் 2021-க்குள் மூடப்பட்டுவிட்டன. தனிக் கடைகள்தான் அதிகம் அடிபட்டன. ஆனால் சங்கிலிகளும் தப்பவில்லை. 1962-ல் பென்சில்வேனியாவில் ஆரம்பித்த ரைட் எய்ட், இரண்டு முறை திவால் மனு கொடுத்து, 2025 அக்டோபரில் கடைசிக் கடையையும் பூட்டியது. வால்கிரீன்ஸ் மூன்று வருடங்களில் 1,200 கடைகளை மூடுவதாக 2024-ல் அறிவித்தது. சிவிஎஸ் சுமார் 900 கடைகளை மூடியது.

பெரிய சங்கிலி வந்து, சின்னக் கடை மூடி, பிறகு ‘லாபம் போதவில்லை’ என்று சங்கிலியும் கிளம்பிவிட்ட ஊர்களுக்கு அங்கே ஒரு பெயரே வந்துவிட்டது: மருந்துப் பாலைவனம்.

வால்மார்ட்டின் சொந்த மாநிலமான ஆர்கன்சாஸ் இப்போது செய்துகொண்டிருப்பதுதான் வேடிக்கை. இடைத்தரகர் நிறுவனங்கள் மருந்துக்கடைக்குக் கொடுக்கும் தொகையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற மாநிலம் அது. 2025 ஏப்ரலில் ஒருபடி மேலே போய், இடைத்தரகர் நிறுவனம் மருந்துக்கடை வைத்திருக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. சிவிஎஸ்ஸும் எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸும் வழக்குப் போட, ஜூலையில் ஒரு ஃபெடரல் நீதிபதி சட்டத்துக்குத் தடை விதித்தார். மருந்துக்கடைக்கு யார் முதலாளியாக இருக்கலாம் என்று நார்த் டகோட்டா 1963-ல் கேட்ட அதே கேள்விதான். கேட்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

நம் ஊரிலும் அந்தக் கேள்வியின் நிழல் விழ ஆரம்பித்திருக்கிறது. ஒரே தெருவில் ‘20% தள்ளுபடி’ பலகையோடு சங்கிலி மருந்துக்கடை, போனில் ஆர்டர் எடுக்கும் ஆப், மத்திய அரசின் மக்கள் மருந்தகம், பழைய மெடிக்கல் ஷாப் என நாலும் நிற்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, ஜெனரிக் மருந்து விற்கும் அந்தக் கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்களோடு, பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களுக்கும் கொடுத்தது. தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியமும் உண்டு. மலிவு மாத்திரையையும் படித்த மருந்தாளுநரையும் ஒரே கல்லாவில் உட்கார வைக்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: படித்தவர் இல்லாவிட்டால், படித்தவரின் ஒப்புதலோடு மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். சுவரில் தொங்கும் சர்ட்டிஃபிகேட்டுக்குச் சொந்தக்காரர் கடையில் இருக்கிறாரா என்பதை, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.